கோவிவனும் காளியும்: கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட இரண்டு நாய்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் நூம்பல். விடியற்காலையில் நூம்பல் ஏரிப் பக்கம் போனால் நாயைச் செயினில் பிடித்தபடி வாக்கிங் வருபவர்களைப் பார்க்கலாம். சிலர் கையில் லாப்ரடார். சிலரிடம் ராஜபாளையம். யாருக்கும் சொந்தமில்லாத தெருநாய்கள் நாலைந்து கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே பின்னால் வரும். தங்கள் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும்.

நாயும் மனிதனும் திறந்த வெளியில் சேர்ந்து நடப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. இந்த வட்டாரத்தில் அதற்கு மிக நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு ஓலையில் இல்லை, கல்லில் இருக்கிறது. நூம்பலில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே போனால் ஒரு போர்க்களம். அந்தப் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக ஒரு வீரன் பொன்னைக் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. ஒரு நாயைக் கேட்டான்!

அந்தக் கதைக்குப் போவதற்கு முன் கடல் கடந்து ஒரு சின்னச் சுற்று.

இங்கிலாந்தின் சுண்ண மேடுகள்

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கு நிலத்துக்கு அடியில் முழுவதும் வெள்ளைச் சுண்ணப்பாறை. மேலே மெல்லிய மண், அதன் மேல் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப்போன புல். மரங்கள் குறைவு. அதனால் எது நின்றாலும் தூரத்தில் இருந்தே கண்ணில் படும். ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி போன்ற பழங்காலக் கல்வட்டங்கள் இருப்பது இந்த மேடுகளில்தான்.

ஏவ்பரி கல்வட்டம் மிகப் பெரியது. அதன் உள்ளேயே ஒரு கிராமம் அடங்கியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவை வெறும் கற்கள்தான். அதன் பெருமையை முதலில் உணர்ந்து எழுதியவர் ஜான் ஆப்ரே. 1649 ஜனவரியில், 22 வயது இளைஞராக நண்பர்களோடு வேட்டைக்குப் போனபோது தற்செயலாக அந்தக் கற்களுக்கு நடுவே வந்து நின்றார். அதாவது வேட்டை நாய்களின் பின்னால் ஓடியவர், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான ஒரு சின்னத்தில் போய் முட்டிக்கொண்டார்.

ஏவ்பரிக்குப் பக்கத்தில் விண்ட்மில் ஹில் என்று ஒரு குன்று. 1920-களில் அலெக்சாண்டர் கீல்லர் என்பவர் அங்கு அகழாய்வு செய்தார். அங்குள்ள பள்ளத்தில் ஒரு நாயின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய புதிய கற்கால நாய் அது. இன்றும் ஏவ்பரி அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் பிளிக் மீட் என்ற இடத்தில் கிடைத்த ஒரு நாயின் பல் இதைவிட ஆச்சரியமானது. சுமார் 7,000 ஆண்டுகள் பழமையான அந்தப் பல்லின் வேதியியல் தன்மையை ஆராய்ந்து, அந்த நாய் வடக்கே யார்க் பகுதியில் வளர்ந்திருக்கலாம் என்று 2016-இல் அறிவித்தார்கள். அப்படியானால் அது தன் மனிதர்களோடு சுமார் 400 கிலோமீட்டர் நடந்து வந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான சான்று உண்டு. காஷ்மீரில் உள்ள பர்சாஹோம் என்ற புதிய கற்கால ஊரில் மனிதர்களோடு நாய்களையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த ஒரு கற்பலகையில் வேட்டைக் காட்சி கீறப்பட்டிருக்கிறது. அதிலும் ஒரு நாய் இருக்கிறது.

ஆனால் இந்த நாய்கள் எதற்கும் பெயர் தெரியாது. எலும்பு இருக்கிறது, பல் இருக்கிறது, படம் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் வேண்டுமென்றால் தெற்கே வர வேண்டும்.

செம்மண் மேட்டில் பழைய கற்கள்

சென்னையின் மேற்கிலும் தெற்கிலும் சுண்ணப்பாறை கிடையாது. இங்கே செம்மண், சரளை, ஆங்காங்கே பாறைக் குன்றுகள், பள்ளங்களில் ஏரிகள். ஆனால் வரலாற்றுப் பழமையில் இந்த மண் வில்ட்ஷயருக்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல. சொல்லப்போனால் பல மடங்கு மூத்தது.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் கல்லால் ஆன ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு உறுதியான முதல் சான்று அதுதான். அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்திலும் அவரும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று சாந்தி பப்பு தலைமையிலான குழு 2011-இல் வெளியிட்டது.

அதற்கு வெகு காலம் கழித்து, இரும்பைப் பயன்படுத்தத் தெரிந்த மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். இறந்தவர்களுக்காகக் கல்வட்டம், கல்பதுக்கை, கற்குவை என்று அமைத்தவர்கள் இவர்கள்தான். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் இத்தகைய சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை 1950-களின் பிற்பாதியில் அகழாய்வு செய்தது. பல்லாவரத்தில் 1880-களின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ என்பவர் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். கால்கள் வைத்த தொட்டி போன்ற பேழைகள் இவை. வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் 1955-இல் முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. ஆக, நூம்பலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் அதன் எல்லாப் பக்கத்திலும் பழைய கல்லறைகள்!

இந்த ஈமச்சின்னங்கள் இருக்கும் இடத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். நெல் விளையும் நஞ்சை நிலத்தில் அவை பெரும்பாலும் இல்லை. ஏரிக்கு மேலே, குன்றின் அடிவாரத்தில், கல்லும் சரளையுமாக உழவுக்கு ஆகாத மேட்டில்தான் இருக்கின்றன. விளைநிலம் உயிரோடு இருப்பவர்களுக்கு, மேடு இறந்தவர்களுக்கு. அந்த மேடுதான் மேய்ச்சல் நிலமும். ஆடு மாடு மேய்ந்த இடம் என்றால் அங்கே நாயும் இருந்திருக்கும்.

மேய்ச்சலுக்கு நாய் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லும் கல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

கோவிவன்

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. பெரும்பாலும் ஆநிரை கவரும் பூசலில் இறந்த வீரர்களுக்காக நட்ட கற்கள் இவை. பல்லவர் காலத்தைச் சேர்ந்த பல கற்கள் அங்கே வட்டெழுத்தில் பொறித்த செய்திகளோடு கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக 1972-இல் வெளியிட்டது.

அந்த வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, இன்றைக்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் அப்போது கட்டப்படவே இல்லை.

கல்லில் உள்ள செய்தி எளிமையானது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்துபோனான். அவனோடு கோவிவன் என்ற நாய் இருந்தது. அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றது. கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, கல்லில் எழுத்தைப் பொறிப்பது எளிய வேலை அல்ல என்பது. ஒவ்வொரு எழுத்துக்கும் உளி வேண்டும், உழைப்பு வேண்டும், கூலி வேண்டும். அதனால்தான் நடுகல் செய்திகள் எல்லாமே ரத்தினச் சுருக்கமாக இருக்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எப்படி இறந்தான், அவ்வளவுதான். வீரனின் மனைவி பெயர் இருக்காது, தாயின் பெயர் இருக்காது. பல கற்களில் பகைவன் பெயர்கூட இருக்காது. இப்படிச் சிக்கனமாக எழுதிய கல்லில் ஒரு நாய் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 'நாயும் உடன் நின்றது' என்று எழுதியிருந்தாலே பெரிய விஷயம். ஆனால் அந்த ஊரார் அதன் பெயரைச் சொல்லிப் பொறிக்க வைத்தார்கள்.

நாய் அங்கேயே செத்ததா, பிழைத்ததா என்று கல் சொல்லவில்லை. எசமானன் விழுந்த பிறகும் அது விலகவில்லை என்பதே அவர்கள் நினைவில் நின்றது.

தமிழ் மண்ணில் விலங்குக்கும் பறவைக்கும் நினைவுக்கல் எடுப்பது இந்த ஒரு முறை மட்டும் நடந்தது அல்ல. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், மதுராந்தகம் பக்கம் உள்ள இந்தளூரிலும் சண்டையிட்ட சேவல்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். வீரம் எங்கே இருந்தாலும் அதற்கு ஒரு கல் உண்டு என்பது அன்றைய மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்லும் அளவுக்கு அந்த மரபு ஆழமானது.

தக்கோலமும் காளியும்

இப்போது மீண்டும் நூம்பல் பக்கம் வரலாம். பூந்தமல்லியில் இருந்து மேற்கே, அரக்கோணம் வட்டத்தில் இருக்கிறது தக்கோலம். தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில் உள்ள ஊர். கல்கியின் வாசகர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். கி.பி. 949-இல் சோழர்களுக்கும் இராஷ்டிரகூடர்களுக்கும் பெரும்போர் நடந்த இடம் இதுதான்.

ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன். மறுபக்கம் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்க அரசன் இரண்டாம் பூதுகன். போரில் யானை மேல் இருந்த இராசாதித்தன் கொல்லப்பட்டான். 'யானை மேல் துஞ்சிய தேவர்' என்று அவனைச் சோழர்கள் பின்னாளில் குறிப்பிட்டார்கள். தொண்டை மண்டலம் சில காலம் இராஷ்டிரகூடர் கைக்குப் போனது.

இந்தப் போரைப் பற்றிய மிக முக்கியமான கல்வெட்டு தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்தில் இராசாதித்தனைப் பூதுகன் கொன்றான் என்ற செய்தி அந்தக் கல்லில்தான் வருகிறது. பேரரசுகளின் தலையெழுத்தை மாற்றிய போர் என்பதால் அது பெரிய வெற்றித்தூணாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஒரு நாயின் நினைவுக்கல்!

நடந்தது இதுதான். பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன். தக்கோலத்தில் அவன் காட்டிய வீரத்தை மெச்சி, "வேண்டியதைக் கேள்" என்றான் அரசன். மணலேரன் கேட்டது அரசனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயை. கேட்டபடியே கிடைத்தது. பிறகு ஒரு நாள் வேட்டையில் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் பாய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. ஆதகூரில் சிவன் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பூசை செய்ய நிலமும் விடப்பட்டது. பூசையை முடிக்காமல் சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவம் பூசாரியைச் சேரும் என்று ஓர் எச்சரிக்கை வேறு.

பாவம் என்றால் என்ன பாவம்? வேட்டை நாய் வாழ்நாளெல்லாம் கொன்ற உயிர்களின் பாவமாக இருக்கலாம். நாயைக் கொண்டாடியவர்களே அதன் கணக்கில் பாவமும் உண்டு என்று ஒப்புக்கொண்டது ஒரு நேர்மை.

நாயும் பன்றியும் என்றதும் தமிழர்களுக்குக் கண்ணப்பர் கதை நினைவுக்கு வரும். வேட்டை நாய்கள் சூழக் காட்டுக்குப் போன திண்ணன், வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிய ஒரு பன்றியைத் துரத்தித்தான் காளத்தி மலைப் பக்கம் வந்து சேர்ந்தான். இதைப் பாடிய சேக்கிழார், முன்பே சொன்ன குன்றத்தூர்க்காரர். காளி இறந்து இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதப்பட்டது. ஆதகூர்க் கல்லை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நாயும் வேடனும் பன்றியும் ஓடிய காடுகள் தொண்டை மண்டலத்தில் அவர் காலத்திலும் இருந்தன.

இரண்டு நாய்கள், இரண்டு கற்கள்

கோவிவனையும் காளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது.

காளி அரண்மனையில் இருந்த நாய். அரசன் கையில் இருந்து தளபதி கைக்கு வந்தது. அதற்குக் கோயில் முன்னால் இடம், நிலம், பூசை எல்லாம் கிடைத்தன. கோவிவன் எருமை மேய்த்த ஒருவனின் பக்கத்தில் நின்ற நாய். அதற்கு நிலமும் இல்லை, பூசாரியும் இல்லை. தன் ஆளின் கல்லிலேயே ஓர் இடம், ஒரு வரி, அவ்வளவுதான். காளி வேட்டையாடியது, கோவிவன் காத்தது. ஒன்று பொழுதுபோக்கு, மற்றது பிழைப்பு.

காளியின் கல் இல்லாமல் போயிருந்தால் தக்கோலப் போர் பற்றி இன்று தெரிந்திருப்பதில் முக்கியமான ஒரு பகுதி போயிருக்கும். இராசாதித்தனைக் கொன்றது யார் என்பதை எதிர்த்தரப்பின் வாயால் சொல்லும் கல் அது. அதாவது ஒரு நாயின் மேல் வைத்த அன்பு, ஒரு பேரரசின் வரலாற்றையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. கோவிவனின் கல் இல்லாமல் போயிருந்தால் எந்த அரசனின் வரலாறும் மாறியிருக்காது. ஆனால் 1,400 ஆண்டுகளுக்கு முன் எருமை மேய்த்தவர்கள் தங்கள் நாயைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்பது தெரியாமலே போயிருக்கும். எந்த இழப்பு பெரியது என்று சொல்வது கடினம்.

மேடுகள் இன்று

வில்ட்ஷயரில் இன்றும் ஏவ்பரி கற்களுக்கு நடுவே மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டோன்ஹெஞ்சில் கட்டுப்பாடு அதிகம், வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களைத் தவிர மற்ற நாய்களைக் கல்வட்டத்துக்கு அருகில் விடுவதில்லை. ஆனால் சுற்றியுள்ள புல்வெளியில் நடக்கலாம். நிலம் திறந்தே இருப்பதால் கற்கள் பிழைத்திருக்கின்றன.

சென்னையின் மேற்குப் புறநகரில் நிலைமை வேறு. மேட்டு நிலம் உழவுக்கு ஆகாது என்ற காரணத்தால்தான் ஈமச்சின்னங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தப்பித்தன. அதே மேடு வீடு கட்ட மிகவும் ஏற்றது! தண்ணீர் தேங்காது, அடித்தளம் உறுதி. லேஅவுட் போடுகிறவருக்குக் கல்வட்டம் என்பது ஜேசிபி வைத்து அப்புறப்படுத்த வேண்டிய பத்துப் பதினைந்து பாறைகள். குன்றுகளையோ கல்குவாரிகள் தின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும் என்று 2010-இல் திருத்தமும் வந்தது. குன்றத்தூரிலும் அருகிலுள்ள சில ஊர்களிலும் உள்ள ஈமச்சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒரு கோயிலைப் பாதுகாப்பது போல் கல்வட்டத்தைப் பாதுகாக்க முடியாது. கோயிலைப் பார்த்தால் கோயில் என்று தெரியும். தரையோடு தரையாகக் கிடக்கும் கற்களை இது கல்லறை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் பலகை மட்டும் என்ன செய்யும்?

இங்கேதான் நாயோடு நடப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜான் ஆப்ரே தொல்லியல் படித்தவர் அல்ல, வேட்டைக்கு வந்தவர். ஸ்பெயினில் அல்டமிரா குகை 1868-இல் வெளிப்பட்டதும், பாறை இடுக்கில் சிக்கிய தன் நாயை மீட்கப் போன ஒரு வேட்டைக்காரரால்தான். நாயோடு போகிறவன் மெதுவாகப் போகிறான். சாலையை விட்டு இறங்குகிறான். நாய் மோந்து பார்க்கும் இடத்தில் அவனும் நிற்கிறான். ஓர் ஊரின் தரையை அவனைவிட நன்றாக அறிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள் மட்டுமே. நேற்று இருந்த கல் இன்று இல்லை என்றால் முதலில் கவனிக்கக்கூடியவனும் அவன்தான். வட்டமாகக் கற்கள் கிடப்பதையோ, மழை அரித்த இடத்தில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடு தெரிவதையோ பார்த்தால், எடுக்காமல், தோண்டாமல், படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது யாராலும் முடிகிற காரியம்.

எடுத்தனூர்க்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். கண்ணால் பார்த்ததை, மறந்து போவதற்கு முன், பெயரோடு பதிவு செய்து வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் கோவிவன் என்று அந்த நாயைக் கூப்பிட முடிகிறது.